காருக்கு மறதி, நமக்குத் தண்டம்!

மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஒரே பதில்தான்: “வண்டி இன்னும் ரெடியாகவில்லை. நூறு மைல் ஓட்டிவிட்டு வாருங்கள்.”

நான் இருப்பது கலிபோர்னியாவின் ஃப்ரிமாண்ட். கார் 2013 மாடல். கரும்புகை இல்லை, சத்தம் இல்லை, ‘செக் எஞ்சின்’ விளக்கும் எரியவில்லை. ஆனாலும் ‘ஸ்மாக் செக்’ என்னும் புகைச் சோதனையில் ஃபெயில். பாஸ் என்ற சான்று இல்லாமல் மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யில் பதிவு புதுப்பிக்க முடியாது. நம்பர் பிளேட்டில் புது ஸ்டிக்கர் ஏறாது. அது இல்லாமல் ரோட்டில் இறங்கினால் போலீஸ்காரர் நிறுத்தலாம். கார் இல்லாவிட்டால் வேலைக்கும் போக முடியாது, பால் வாங்கவும் போக முடியாது.

நம்மூரில் பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில், சைலன்சருக்குள் குழாயை விட்டு அளந்து சான்று கொடுப்பார்கள். இங்கே 2000-ம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் கார்களுக்கு 2015 முதல் அந்தக் குழாய் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் கேபிளைச் செருகி, காரின் கம்ப்யூட்டரிடமே விசாரிக்கிறார்கள். 1996 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் எல்லாம் இந்த ஏற்பாடு கட்டாயம்.

ஓடும்போதே கம்ப்யூட்டர் தன் உறுப்புகளைச் சோதித்துக்கொண்டே வரும். ஆக்சிஜன் சென்சார் சரியா? புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சரியா? டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘மானிட்டர்’. சோதனை முடிந்தால்தான் அது ‘ரெடி’. 2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களில் ஆவிக்கசிவு மானிட்டர் ஒன்றுக்கு மட்டுமே கலிபோர்னியா விலக்கு தருகிறது. வேறு எது பாக்கி இருந்தாலும் ஃபெயில்.

இந்த விதி வந்ததற்குக் காரணம் உண்டு. எஞ்சின் விளக்கு எரிந்தால், சோதனைக்கு முந்தைய நாள் ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அழித்தால் மானிட்டர்களும் வெறுமையாகிவிடும். அதை வைத்துப் பிடிக்கலாம். 2019 ஜூலையிலிருந்து, ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடுகளையும் பார்க்கிறார்கள். புகைமூட்டத்தில் கண் எரிந்து வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் உள்ள மாநிலம் இது, கண்டிப்பு வேண்டியதுதான்.

ஆனால் வேண்டுமென்றே அழித்தவரும், என்னைப் போல் ஒன்றும் அறியாமல் மாட்டிக்கொண்டவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

நூறு மைல் என்றார்களே, ஓட்டினேன். ஞாயிறு விடியலில் 280 நெடுஞ்சாலையில் ஏறி, ஒரே சீராக 55 மைல் வேகத்தில் போனேன். பிரேக் தொடாமல் வேகத்தைத் தானாகத் தணியவிட்டேன். பிறகு ஊருக்குள் நின்று நின்று ஓட்டினேன். மானிட்டர்கள் ரெடியாகியிருக்கும் என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை சோதனைக்குப் போனால் எல்லாம் பழையபடி வெறுமை. ஒவ்வொரு முறையும் சோதனைக் கட்டணம், அரைநாள் லீவு.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு மதுரைக்காரர் இருக்கிறார். கேட்டதும் சிரித்தார். “தம்பி, ரேடியோல மணி என்ன காட்டுது?”

“அது எப்பவுமே தப்பாத்தான் காட்டும்ணே. சரிபண்ணி வச்சா மறுநாளே 12-க்குப் போயிரும்.”

“அப்ப வண்டிக்கு எங்கயோ கரண்ட் விட்டு விட்டு வருதுய்யா. கடிகாரம் மறந்தா கம்ப்யூட்டரும்தானே மறக்கும்?”

இருபது டாலர் ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். ‘குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கைக் கம்ப்யூட்டரே வைத்திருக்கிறது. மாலையில் அது 62 மைல். மறுநாள் காலையில் பார்த்தால் பூஜ்யம். இரவில் காரை யாரும் தொடவில்லை.

பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வெளிறிய பச்சைப் பூஞ்சணம் போல் உப்புப் பூத்திருந்தது. கிளாம்பை இரண்டு விரலால் திருகினார். குழந்தை கை வளையல் மாதிரி சுழன்றது. ஆறு மாதம் முன்பு ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றினேன். அவர்கள் சரியாக முடுக்கவில்லை. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துக் கழுவி, பத்து எம்.எம். ஸ்பேனரால் இறுக்கினார். செலவு ஒரு சொட்டு கிரீஸ். பத்தாம் நாள் பாஸ்.

சோதனை நிலையத்தார் மீது எனக்குக் கோபமில்லை. ‘டெஸ்ட் ஒன்லி’ நிலையங்களுக்குப் பழுது பார்க்க அனுமதியே கிடையாது. பட்டறைக்குப் போனாலோ, அங்கே பலர் செய்யும் முதல் வேலை ஸ்கேனரைச் செருகி எல்லாவற்றையும் அழிப்பதுதான். சோதிப்பவர் காரணம் சொல்வதில்லை, காரணம் தேடுபவர் தடயத்தை அழிக்கிறார். இரண்டு ஷெட்டுக்கும் நடுவே அலைவது கார்க்காரர். மணிக்கணக்குச் சம்பளத்தில் இரண்டு வேலை பார்ப்பவருக்கு அரைநாள் லீவு என்பது வீட்டு வாடகையில் விழும் துண்டு.

அரசு அமைப்பான வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்துக்கு இந்தச் சிக்கல் தெரியாததல்ல. சில மாடல்களில் மானிட்டர் ரெடியாகாதது தயாரிப்பிலேயே உள்ள குறை என்று ஒப்புக்கொண்டு, அவற்றுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. கார்க் கம்பெனியின் குறைக்கு இரக்கம் உண்டு, தளர்ந்த டெர்மினலுக்கு இல்லை. நாம் கேட்பது சலுகையும் அல்ல:

ரெடியாகவில்லை என்று திருப்பி அனுப்பும்போது, குறியீடு அழிந்தபின் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதை நிலையத்தார் உரிமையாளரிடம் சொல்வது கட்டாயமாக வேண்டும். ‘போன தடவை வந்ததிலிருந்து மறுபடி அழிந்திருக்கிறது, பேட்டரி இணைப்பைப் பாருங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

பேட்டரி மாற்றும் பட்டறைகள், மின்சாரம் அறுந்தால் புகைச் சோதனை தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

ஃபெயிலான வண்டிக்கு டி.எம்.வி. 60 நாள் தற்காலிக அனுமதி தருகிறது. கட்டணம் 50 டாலர். பிழைக் குறியீடு எதுவும் இல்லாமல், மானிட்டர் மட்டும் பாக்கி நிற்கும் வண்டிக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சான்று 90 நாள் செல்லும் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். சோதனைக்கு முந்தைய மாதத்தில் பேட்டரியைக் கழற்றவிடாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் மாற்று மின்சாரம் கொடுத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் கால் டேங்குக்கு மேலும் முக்கால் டேங்குக்குக் கீழும் இருக்கட்டும்; இல்லாவிட்டால் பல கார்களில் ஆவிக்கசிவுச் சோதனை தொடங்காது (அதற்கு விலக்கு உண்டு என்றாலும், முடிந்துவிட்டால் நல்லது). இரவு முழுக்க நிறுத்திவைத்த காரைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். நிலையத்தில் முதலில் ‘ப்ரீ டெஸ்ட்’ கேளுங்கள். அந்த முடிவு பதிவுக் கணக்கில் ஏறாது. எதற்கும் மசியாத வண்டி என்றால், ‘ஸ்மாக் செக் ரெஃப்ரீ’யிடம் கொண்டு போகலாம்.

பணியகத்தின் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிறைக்கும் நம் தமிழ்ச் சங்கங்கள் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு பேரை அனுப்பினால் என்ன? நான் ஒருவன் தயார். மூன்று ஃபெயில் ரசீதும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.