மானியம் கோட்டையில், சாவி வங்கியில்

பெரிய நிறுவனம் ஒன்று ஆலை அமைக்க வருகிறது என்றால் அரசே அதைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை, எந்த மாவட்டம் என்று பார்க்கிறது. அதற்கேற்ப நில விலையில் சலுகை, மூலதன மானியம், மின்வரி விலக்கு, முத்திரைக் கட்டண விலக்கு என்று ஒரு தொகுப்பு தயாராகிறது. மறுநாள் நாளிதழில் ஒப்பந்தப் படம் வருகிறது. இதை நாம் குறை சொல்லவில்லை. தொழில் வரட்டும், வேலையும் வரட்டும். ஆனால், அதே பொதுப்பணத்திலிருந்து ஊக்கம் கேட்டு சேரியிலிருந்து ஒருவர் வந்தால், அவரை யார் எடை போடுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

காகிதத்தில் குறையில்லை. தமிழக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்ட'த்தை அறிவித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 சதவீத மூலதன மானியம். உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். கடன் வட்டியில் 6 சதவீதத்தையும் அரசே ஏற்கிறது. போராடிப் பெற்ற நல்ல திட்டம் இது.

மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. பரிந்துரைக் கடிதமும் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகும்போதுதான் கதவு அடைபடுகிறது. ஹாலோபிளாக் கல் தயாரிக்க விரும்பிய ஓர் இளைஞருடன் நாமும் சென்றோம். ஐ.டி.ஐ. படித்தவர், அதே தொழிலில் ஆறு வருடம் கூலிக்கு வேலை செய்தவர். மேலாளர் கோப்பைத் திறக்கவில்லை. "அடமானத்துக்கு என்னப்பா வச்சிருக்க?" என்றார். "அரசு கொடுத்த மனைப்பட்டா இருக்கு சார்" என்றார் இளைஞர். "அதெல்லாம் செல்லாது. அடுத்த மாசம் வா" என்று பதில் வந்தது. மூன்று மாதம் அலைந்த பிறகு அவர் பழைய கூலி வேலைக்கே திரும்பிவிட்டார். மறுத்ததற்கு ஒருவரி கூட எழுத்தில் தரப்படவில்லை.

அடமானம் வைக்கச் சொத்து இல்லாதது அவர் குற்றமா? 1892-ல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். நிலத்தைப் பறிகொடுத்த குடும்பத்துப் பேரனிடம் நிலப் பத்திரம் கேட்பது எந்த நியாயம்? இத்தனைக்கும் சிறு, குறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது.

வங்கி நம் பேச்சைக் கேட்காது, சரி. அரசின் பேச்சையுமா கேட்காது? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1973-ல் மேனார்ட் ஜாக்சன் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார். நகர மக்களில் பாதிப்பேர் கறுப்பர்கள். ஆனால், மாநகராட்சி ஒப்பந்தங்களில் அவர்களுடைய நிறுவனங்களுக்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. புதிய விமான நிலையம் கட்டும் வேலையில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு 25 சதவீதப் பங்கு தர வேண்டும் என்று ஜாக்சன் உறுதியாக நின்றார். மாநகராட்சிப் பணத்தை வைத்திருந்த வங்கிகளிடமும், கறுப்பர்களையும் பெண்களையும் உயர் பொறுப்புகளில் அமர்த்தாவிட்டால் அந்தப் பணத்தை எடுத்துவிடுவோம் என்றார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனாலும் விமான நிலையம் 1980-ல் திறக்கப்பட்டது. கறுப்பின ஒப்பந்ததாரர்கள் ஒரு தலைமுறையே அந்த நகரில் உருவானது.

இங்கும் அரசுத் துறைகளின் பணமும் உள்ளாட்சிகளின் பணமும் வங்கிகளில்தான் இருக்கின்றன. பட்டியல் சாதி விண்ணப்பங்களைக் காரணமின்றித் திருப்பும் வங்கிக்கு அரசு வைப்புநிதி எதற்கு? இதைக் கேட்க அரசுக்கு உரிமை இருக்கிறது. கேட்க வைப்பது நம் வேலை.

இன்னும் இரண்டு கோரிக்கைகள். ஒன்று: விண்ணப்பித்தவர் எத்தனை பேர், பரிந்துரைக்கப்பட்டவர் எத்தனை பேர், வங்கி மறுத்தது எத்தனை, என்ன காரணத்துக்காக என்ற விவரங்களை மாவட்டந்தோறும் ஆண்டுக்கொரு முறை வெளியிட வேண்டும். இரண்டு: மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 ஆணை சொல்கிறது. அரசுச் சலுகை பெறும் பெரிய ஆலைகளுக்கும் இப்படி ஒரு நிபந்தனை வேண்டும். உணவகம், வாகனம், சீருடை தைப்பது என்று எத்தனையோ வேலைகளை அந்த வட்டாரத்துச் சேரி மக்களிடமே கொடுக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒன்று, பொதுத்துறை வங்கிக்கு ஒன்று எழுதுங்கள். வரும் பதிலை அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள்.