கமிஷன் மட்டும் போதுமா?



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், சபுரிலிருந்து திரும்பி வந்தவர், கடையில் வியாபாரம் படுத்துப் போனவர் என்று யாரைக் கேட்டாலும் இன்று ஒரே பதில்தான்: "ரியல் எஸ்டேட் பண்றேன்!" கையில் கைப்பேசி, சட்டைப் பையில் நாலு மனையின் வரைபடம், வாய் நிறையப் பேச்சு. இவ்வளவு இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

தையல் கடை வைக்கவே இரண்டு வருடம் தொழில் பழக வேண்டும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்றிவிடும் தொழிலுக்கு மட்டும் ஒன்றும் படிக்க வேண்டாமா?

மனை வாங்க வருபவர் யார்? பெரும்பாலும் நம் சொந்தக்காரர்தான். பாலைவனத்து வெயிலில் பல ஆண்டுகள் உழைத்து அனுப்பிய பணத்தை, "நம்ம பையன் சொல்றான்" என்ற ஒரே நம்பிக்கையில் எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பையனுக்கு மூலப்பத்திரம் படிக்கத் தெரியாது. பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாது. புலப்படத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் கண்டுபிடிக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கமிஷன் கணக்கு மட்டும்!

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் 40 சென்ட் நிலத்தை விட்டு இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். ஷரீஅத்படி மனைவிக்கு 5 சென்ட், மகன்களுக்கு ஆளுக்கு 14 சென்ட், மகளுக்கு 7 சென்ட். மகன்கள் இருவர் மட்டும் கையெழுத்திட்டு 40 சென்ட்டையும் விற்றால் என்ன ஆகும்? தாயின் 5 சென்ட்டும் சகோதரியின் 7 சென்ட்டும் வாங்கியவருக்குப் போய்ச் சேராது. நாளை அந்தச் சகோதரி நீதிமன்றம் போனால் குற்றம் யார் மீது? வாரிசுச் சான்றைக் கேட்டுப் பார்க்காத தரகர் மீது இல்லையா?

"வில்லங்கம் பார்த்துட்டோம், சுத்தமா இருக்கு" என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். அறிவிப்பு, ஏற்பு, ஒப்படைப்பு மூன்றும் இருந்தால் வாய்மொழி ஹிபாவும் நம் சட்டப்படி செல்லும். அது வில்லங்கச் சான்றில் எப்படித் தெரியும்? நேரில் போய், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டாமா? ஒருமுறை வக்ஃபு ஆனது என்றைக்கும் வக்ஃபுதான் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்தது. அது தெரியாமல் வக்ஃபு நிலத்தையே மனை போட்டு நம்மவருக்கே விற்றால், அதை வியாபாரம் என்பதா, துரோகம் என்பதா?

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது நினைவிருக்கிறதா? 2017-ல் வரன்முறை விதிகள் வரும் வரை எத்தனை பேர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்க முடியாமல் தவித்தார்கள்! "அப்ரூவல் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விற்றவர்கள் அப்போது எங்கே போனார்கள்?

காலம் மாறிவிட்டது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டத்தின் மனையை விற்றுக் கொடுக்கத் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்; அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறலாம். மகாராஷ்டிரத்தில் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று 2023-ல் உத்தரவே போட்டுவிட்டார்கள். அந்த உத்தரவு இங்கும் வந்தால் எத்தனை பேர் தேறுவீர்கள்?

இளைஞர்களே! இந்தத் தொழிலை விடச் சொல்லவில்லை. படித்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பயிற்சி இருக்கிறது. பாலிடெக்னிக்கில் சிவில் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் ஐந்தாண்டு சட்டப் படிப்பு இருக்கிறது. சிவில் இன்ஜினியரிங் பட்டமும் போதிய அனுபவமும் உள்ளவர், 2017 விதிகளின்படி தேர்வெழுதிப் பதிவு பெற்ற சொத்து மதிப்பீட்டாளர் ஆகலாம். எதற்கும் வழியில்லையா? ஒரு நல்ல வழக்கறிஞரிடமோ பத்திர எழுத்தரிடமோ ஆறு மாதம் உட்கார்ந்து பழைய பத்திரங்களைப் படியுங்கள். கமிஷன் வாங்குமுன் அதையாவது செய்யுங்கள்.

வணிகப் பெருமக்களே! மனை போட்டுச் சம்பாதித்தவர்கள் நம்மில் குறைவில்லை. திறப்பு விழாவுக்குப் பிரியாணி போடும் செலவில் ஒரு பையனைச் சர்வே படிக்க வைக்கலாமே! ஊருக்கு ஒரு வழக்கறிஞர், ஒரு சர்வேயர், ஒரு மதிப்பீட்டாளர் நம்மிடையே இருந்தால், சபுராளியின் பணமும் பிழைக்கும், வக்ஃபு நிலமும் பிழைக்கும்.

கடனை எழுதி வையுங்கள் என்று சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம். எழுத்துக்கு அவ்வளவு மதிப்புத் தந்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், பத்திரத்தைப் படிக்கத் தெரியாமலே பத்திரம் முடிக்கலாமா?

சிந்தியுங்கள்! அடுத்த மனைக்கு அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் சிந்தியுங்கள்!