ஏ.ரி.வி.க்கு வேறு ஒயில் விடலாமா?



பனி கரைந்ததும் எனக்கு வருகிற கேள்விகள் மாறிவிடும். ஸ்னோ ரயரை எப்ப கழட்டுவது என்று கேட்டவர்கள் இப்போது ஏ.ரி.வி. பற்றிக் கேட்கிறார்கள். இந்த முறை மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் அனுப்பிய செய்தி இது: "அண்ணா, நானும் மச்சான்மார் ரெண்டு பேரும் காசு சேர்த்து ஒரு பழைய ஹொண்டா ஃபோர்மன் வாங்கினோம். மனுவல்ல சொன்ன கொம்பனி ஒயில் இங்க ஒரு கடையிலயும் இல்லை. டீலர் ஒரு மணித்தியாலத் தூரம். அப்பாட காருக்கு விடுற 10டபிள்யூ-30 கராஜ்ல இருக்கு. மனுவல்லயும் 10டபிள்யூ-30 எண்டுதான் போட்டிருக்கு. அதை விடலாமா?"

வேறு கொம்பனி ஒயில் விடலாம். ஆனால் அப்பாவின் கார் ஒயிலை விடவேண்டாம். இலக்கம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே ஒயில் அல்ல. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் வாங்கிய வண்டி. அதன் கிளட்சைக் கழற்றி மாற்றும் செலவு ஒரு கான் ஒயிலின் விலையைப் போலப் பல மடங்கு.

காரில் என்ஜினுக்கு ஒரு ஒயில், கியர்பெட்டிக்கு வேறு ஒயில். ஃபோர்மன், ரான்சர் போன்ற ஹொண்டா ஏ.ரி.வி.களில் அப்படி இல்லை. நீங்கள் ஊற்றும் அந்த இரண்டு மூன்று லீற்றர் ஒயில்தான் பிஸ்டனையும் கவனிக்கிறது, கியர்ப் பற்களையும் கவனிக்கிறது, கிளட்ச் தட்டுகளையும் நனைக்கிறது. இதை ஈரக் கிளட்ச் என்பார்கள். பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும். கிளட்சுக்குப் பிடிப்பு வேண்டும். ஒரே ஒயில் இரண்டையும் கொடுக்கவேண்டும்.

இப்போதைய கார் ஒயில்களை எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்கிறார்கள். அதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்ப்பார்கள். காருக்கு அது நல்லது. ஈரக் கிளட்சில் அதே மருந்து தட்டுகளின் மேல் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடலாம். சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போதோ, பின்னால் விறகு வண்டியைக் கட்டி இழுக்கும்போதோ என்ஜின் கத்தும், வண்டி நகராது. அப்படி வழுக்க வழுக்கத் தட்டு சூடாகிக் கருகும்.

ஆகவே கானை வாங்கியதும் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். அது ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் அடையாளம். வட்டத்தின் மேற்பாதியில் எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. என்று ஏதாவது தரம் இருக்கும். நடுவில் தடிப்பு இலக்கம். கீழ்ப்பாதியில் "றிசோர்ஸ் கொன்சேவிங்" அல்லது, பழைய கானாக இருந்தால், "எனர்ஜி கொன்சேவிங்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அந்த ஒயில் ஈரக் கிளட்சுக்கு வேண்டாம். ஹொண்டாவின் மனுவலே இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தச் சொற்கள் பெரும்பாலும் 20, 30 என்று முடியும் மெல்லிய ஒயில்களில்தான் வரும். 10டபிள்யூ-40 கான்களில் பொதுவாக இராது. அப்பாவின் 10டபிள்யூ-30 இலக்கத்தில் பொருந்தியும் வேலையில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அடுத்துத் தேடவேண்டியது ஜாசோ. இது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. 1990களில் கார் ஒயில்கள் மெல்ல மெல்ல வழுக்கலாக மாறியபோது, ஜப்பானிய மோட்டார்சைக்கிள் கொம்பனிகளுக்குத் தனி அளவுகோல் தேவைப்பட்டது. 1998இல் ரி903 என்ற தரம் வந்தது. உண்மையான கிளட்ச் தட்டுகளை ஒயிலில் ஓடவிட்டு, எவ்வளவு பிடிக்கிறது, நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து தரம் பிரிப்பார்கள். எம்.ஏ. என்றால் ஈரக் கிளட்சுக்கு ஏற்ற பிடிப்பு. அதையே பின்னர் எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள், எம்.ஏ.2இல் பிடிப்பு கூட. எம்.பி. என்பது உராய்வு குறைந்தது, ஈரக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. கான் மேல் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்து, தடிப்பும் ஏ.பி.ஐ. தரமும் மனுவல் கேட்பதற்குப் பொருந்தினால், எந்தக் கொம்பனி என்பதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். மனுவலில் கொம்பனி ஒயிலின் பெயருக்குப் பிறகு "அல்லது அதற்குச் சமமானது" என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கும். எங்கட ஆட்கள் அதைத்தான் வாசிப்பதில்லை.

தடிப்பு இலக்கத்தையும் பார்ப்போம். டபிள்யூ என்பது குளிர்காலம். முன் இலக்கம் குறையக் குறைய, குளிரில் ஒயில் இலகுவாக ஓடும். 10டபிள்யூ ஒயிலைக் குளிரில் என்ஜின் சுற்றுமா என்று சோதிப்பது மைனஸ் 25 பாகையில், 5டபிள்யூ மைனஸ் 30இல், 0டபிள்யூ மைனஸ் 35இல். பின் இலக்கம் என்ஜின் சூடானபின் உள்ள தடிப்பு, 100 பாகையில் அளப்பது. ஆகவே 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டும் சூட்டில் ஒரே வகுப்புத்தான். காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போதுதான் வித்தியாசம். கோடையில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு 10டபிள்யூ போதும். ஜனவரியில் பனி தள்ளவும் அதே வண்டிதான் என்றால் மனுவலில் உள்ள வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து முன் இலக்கத்தைக் குறையுங்கள். பின் இலக்கத்தை உங்கள் எண்ணத்துக்குக் கூட்டாதீர்கள். "தடிப்பான ஒயில் பாதுகாப்புக் கூட" என்று ஊரில் லொறி ஓட்டிய மாமா சொல்வார். அது 15டபிள்யூ-40 லொறிக்கு, அதுவும் வவுனியா வெயிலில்.

பெல்ற்றில் ஓடும் வண்டிக்காரர் இந்த இடத்தில் சிரிப்பார்கள்: எங்களுக்கு ஈரக் கிளட்சே இல்லையே! பொலாரிஸ் ஸ்போட்ஸ்மன் என்றால் சரிதான். பெல்ற்றும் கிளட்சும் காய்ந்த பெட்டிக்குள் இருக்கும், கியர்பெட்டிக்கும் தனி ஒயில். ஆனால் அவர்களுக்கு வேறு சிக்கல். பல மொடல்களுக்குப் பொலாரிஸ் கேட்பது 5டபிள்யூ-50. அது சாதாரணக் கடைத் தட்டில் அகப்படாது. அதற்குப் பதிலாக 10டபிள்யூ-30ஐ ஊற்றுவது பதிலீடு அல்ல, பந்தயம். யமஹா கிறிஸ்லி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். அதிலும் பெல்ற் உண்டு. ஆனால் பெல்ற்றோடு சேர்ந்து என்ஜின் ஒயிலில் நனைந்த ஒரு கிளட்சும் உண்டு. "பெல்ற்தானே" என்று கார் ஒயில் விட்டால் அகப்படுவது அதுதான்.

டீசல் ஒயில் பற்றிக் கேட்ட தங்கைக்கு: ஆம், பலர் விடுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஷெல் ரொட்டெல்லா ரி6 வகையில் 5டபிள்யூ-40 கானில் ஜாசோ எம்.ஏ. தரம் குறிப்பிட்டு வந்திருக்கிறது. கனடியன் ரயர் போன்ற கடைகளில் பெரிய கானாகக் கிடைக்கும், மலிவும் கூட. ஆனால் அதே பெயரில் வேறு தடிப்புகளும் தட்டில் பக்கத்தில் நிற்கும். எல்லாவற்றிலும் ஜாசோ இருக்கும் என்று எண்ணாமல், கையில் எடுத்த கானையே வாசியுங்கள். உங்கள் மனுவல் 10டபிள்யூ-40 கேட்டு 5டபிள்யூ-40ஐயும் அட்டவணையில் அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள்.

சிந்தெற்றிக் ஒயில் கிளட்சை வழுக்கவைக்கும் என்ற கதையை நம்பவேண்டாம். வழுக்கவைப்பது அதில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பு மருந்து. அது சாதாரண ஒயிலிலும் இருக்கலாம். எம்.ஏ. தரத்துச் சிந்தெற்றிக் தாராளமாக விடலாம். சின்னப் போத்தலில் விற்கும் "என்ஜினை இளமையாக்கும்" மருந்துகளை மட்டும் கிட்டவே எடுக்காதீர்கள். அவற்றில் பல உராய்வைக் குறைக்கவே செய்தவை.

ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. காட்டுக்குள் போய், ஒயில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, கூட வந்தவரின் பெட்டியில் கார் ஒயில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை விடுங்கள். தரமான என்ஜின் ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. கொஞ்சம் பிழையான ஒயிலோடு மெதுவாக வீட்டுக்கு வரலாம். ஒயில் இல்லாமல் ஓடினால் என்ஜினே பிடித்துவிடும், பிறகு இருபது கிலோமீற்றர் நடை. வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் இறக்கி, பில்ரரையும் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே கார் ஒயில் விட்டு வழுக்கத் தொடங்கியவர்களும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கவேண்டும். சரியான ஒயிலை விட்டுக் கொஞ்சம் ஓடி, மறுபடி மாற்றினால் பிடிப்புத் திரும்பிவிடுவதுண்டு. தட்டுக் கருகிவிட்டிருந்தால் திரும்பாது.

இன்னொன்று, கியர்ப் பற்கள் ஒயிலை அரைத்து மெல்லியதாக்கும். கார் போல எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீற்றர் என்று இருந்துவிட முடியாது. மனுவலில் மணித்தியாலக் கணக்கு இருக்கும். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடினால் அதற்கும் முந்தி மாற்றவேண்டும். ஒயில் பால் கலந்த தேநீர் போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த நாளே மாற்றுங்கள். அளக்கும்போது ஹொண்டாவில் அளவுகோலைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடக் காட்டும். எல்லா வண்டியும் அப்படியல்ல.

மூன்று பேர் சேர்ந்து ஓடும் வண்டியில் யார் எதை விட்டார் என்பதே பெரிய குழப்பம். என்ன ஒயில், எந்தத் திகதி, எத்தனை மணித்தியாலம் என்று மாஸ்கிங் ரேப்பில் எழுதிச் சீற்றுக்குக் கீழே ஒட்டிவையுங்கள். இறக்கிய ஒயிலை வந்த கானிலேயே ஊற்றி மூடி, கழிவு ஒயில் எடுக்கும் கராஜிலோ நகரசபை நிலையத்திலோ கொடுங்கள். வடிகாலில் ஊற்றாதீர்கள்.

புதுக் கானில் அரை லீற்றர் மிச்சம் இருந்தால், அதை முன் டிஃபரென்ஷியலுக்குள் விட எண்ணவேண்டாம். அதற்கு வேறு வகை கியர் ஒயில். அதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.