சைக்கிள் பிச்சையன்று!

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறதென்றால் சில கனவான்களுக்கு வயிறு எரிகிறது. "இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்குகிறார்கள்" என்று ஓயாமல் பேசுகிறார்கள். வெயிலில் சைக்கிள் மிதித்துப் படிக்கப் போகிற பெண் எப்படிச் சோம்பேறியாவாள் என்பதை மட்டும் அவர்கள் சொல்லுவதில்லை! அது போகட்டும். உலகத்தில் சைக்கிள் என்ன வேலை செய்திருக்கிறது என்பதை அவர்களுக்குக் கொஞ்சம் நினைவூட்ட விரும்புகிறோம்.

உயரச் சக்கரத்தில் ஏறி விழுந்தெழும் வாலிபர்களின் விளையாட்டாகத்தான் சைக்கிள் முதலில் இருந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் தாழ்வான, சங்கிலியால் ஓடும் சைக்கிளைச் செய்தார். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அதன் பிறகு பெண்களும் ஏறினார்கள். தரையைப் பெருக்கும் பாவாடை அதற்கு ஒத்துவரவில்லை. சைக்கிளை விடவில்லை, பாவாடையை மாற்றினார்கள்! துணைக்கு ஆளின்றி வெளியே போனார்கள். பெண்களின் விடுதலைக்கு வேறெதையும்விட அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று, அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி அம்மையார் 1896-இல் சொன்னார்.

இந்த உண்மை பழமைப் பித்தர்களுக்கும் தெரிந்திருந்தது. 1897 மே மாதம், பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்த மாணவர்கள் பெண்ணின் கொடும்பாவி ஒன்றைக் கட்டித் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். எப்படி? சைக்கிளின் மேல் உட்காரவைத்து! கொடுக்கலாம் என்றவர் 662 பேர். கூடாதென்றவர் 1,713 பேர். அங்கே பெண்களுக்குப் பட்டம் கிடைத்தது 1948-இல்தான். படிப்பும் சைக்கிளும் கைகோத்து வருமென்பதை எதிரிகள் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள், பார்த்தீர்களா?

கேம்பிரிட்ஜ் வரை போவானேன்? நம் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையார் துணைநின்றார். கல்லுடைக்கும் பெண்களும் வயற்கூலிப் பெண்களும் கேலிப் பேச்சைத் தாண்டி ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லையா? ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! கற்றுக்கொண்டவர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நிலை போயிற்று.

பீகாரில் 2006-இல், 9-ஆம் வகுப்பு மாணவிகள் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை அதனால் 32 சதவிகிதம் உயர்ந்ததென்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பெரும் பலன்.

ஆகவே சைக்கிள் பிச்சையன்று. தூரத்தின் பேரால் பறிக்கப்பட்ட படிப்பைத் திருப்பிக் கொடுப்பது. நம் மாநிலத்தில் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளிடம் தொடங்கி மற்றவர்களுக்கும் விரிந்த இத்திட்டம், 11-ஆம் வகுப்புக்கு வந்தவர்களுக்கே பயன்படுகிறது. அதற்கு முன்பே தூரத்தால் நின்றுவிடும் பெண்ணுக்கு என்ன வழி? 9-ஆம் வகுப்பிலேயே கொடுங்கள், உறுதியான வண்டியாகக் கொடுங்கள் என்பதே நம் கோரிக்கை. ஏளனம் பேசுவோர் பேசட்டும். நம் பெண்கள் மணியடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போவார்கள்!