அணு ஆராய்ச்சி மையத்துக்கும் தணிக்கை வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில், கொல்லங்கோடு உள்ளிட்ட கடலோரக் கிராமங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மோனசைட் முதலான கனிமங்களைத் தோண்டியெடுக்க, மணவாளக்குறிச்சி மணல் ஆலையை நடத்தும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டது. 2024 அக்டோபரில் நடைபெறவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்களின் எதிர்ப்பையடுத்துத் தள்ளிவைக்கப்பட்டது.

இதைத் தமிழகத்தின் பிரச்சினையாக மட்டும் கருதுவது தவறு. கொல்லங்கோட்டின் எல்லையில் உள்ள நீரோடியைக் கடந்தால் பொழியூர். அது நெய்யாற்றின்கரை வட்டம். அங்கிருந்து உள்ளே சென்றால் பாறசாலை. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு அரசுகளைப் பிரித்தது. கடற்கரை மணலைப் பிரிக்கவில்லை.

மோனசைட்டில் தோரியம் உண்டு. ஆகவே அதற்கு இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு. அதைப் பிரித்தெடுத்துவிட்டு எஞ்சிய மணலைக் குழியில் நிரப்பினால் கதிரியக்கம் குறையும் என்கிறது நிறுவனம். தோண்டும்போதும் பிரிக்கும்போதும் என்ன நேரும் என்று கேட்கிறார்கள் மக்கள். இரண்டுமே அளந்து பார்த்தால் தெரியக்கூடியவை. அளப்பவர் யார்?

தோண்டும் நிறுவனம் அணுசக்தித் துறையினுடையது. கேரளக் கடலோரத்தில் நெடுங்காலமாகக் கதிரியக்க ஆய்வு நடத்திவரும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அதே துறையினுடையதே. 1995 முதல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்த அம்மையம், பிறவிக் குறைபாடுகளுக்கும் இயற்கைக் கதிரியக்கத்துக்கும் தொடர்பில்லை என்றது. மாறாக, 2002-இல் வெளிநாட்டு ஆய்வாளர் குழு ஒன்று, அதிகக் கதிரியக்கமுள்ள பகுதியில் வாழும் குடும்பங்களின் தாய்வழி மரபணுவில் கூடுதல் மாற்றங்களைக் கண்டது. வி.டி. பத்மநாபனும் பிறரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வும் மையத்தின் முடிவோடு ஒத்துப்போகவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஜப்பானிய அறிஞர்களுடன் சேர்ந்து கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேல் கவனித்து, புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் அறிவித்தது. அதாவது, வெளியார் கலந்துகொண்ட ஆய்வு துறைக்குச் சாதகமாகவும் அமையலாம். பின் அச்சம் எதற்கு?

அச்சத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 2000-இல் பாபா மையமும் அதன் நிலையங்களும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டன; மையமே தனக்கென ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்துக்கொண்டது. வாரியத்தின் முன்னாள் தலைவர் கோபாலகிருஷ்ணன் அதைக் கண்டித்தார். 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பாபா மையத்தின் நிலையம் அது. நாட்டுக்குச் செய்தி தெரியவே பல மாதங்கள் ஆயின. வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லையென 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சுட்டிக்காட்டினார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. அது நல்லதே. ஆனால் கண்காணிப்பு வேறு, அறிவியல் தணிக்கை வேறு. ஓர் ஆய்வுக்கூடத்தின் மூலத் தரவுகளை அதனிடம் சம்பளமோ நிதியோ பெறாத அறிஞர்கள் பிரித்துப் பார்ப்பதுதான் தணிக்கை.

எல்லைக் கிராமங்களுக்கு அது கடினமான காரியம் அன்று. தோண்டுவதற்கு முன்பே கொல்லங்கோட்டிலும் பொழியூரிலும், உள்ளே பாறசாலை வரையிலும் மண், கிணற்று நீர், வீட்டுக் காற்று ஆகியவற்றின் மாதிரிகளை எடுக்கவேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் மூன்றாகப் பங்கிட்டு, ஒன்றை பாபா மையத்திடமும் மற்ற இரண்டை இரு மாநிலப் பல்கலைக்கழகங்களிடமும் ஒப்படைக்கலாம். எண்கள் தமிழிலும் மலையாளத்திலும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும்.

இன்னொன்று பலர் கவனியாதது. குமரி மாவட்டத்து நோயாளிகள் பலர் சிகிச்சைக்குச் செல்வது திருவனந்தபுரத்துக்கே. சென்னையின் பதிவேட்டை மட்டும் புரட்டினால் குமரியில் புற்றுநோய் குறைவாகவே தெரியும். இரு மாநிலப் பதிவேடுகளையும் ஊர்வாரியாக இணைத்துப் பார்க்காத எந்த ஆய்வும் அரைகுறையே. அந்த இணைப்புக்கு இரு முதலமைச்சர்களின் கையெழுத்தும், மையத்தின் பழைய தரவுகளைத் திறந்துகாட்ட தில்லியின் உத்தரவும் தேவை. கருத்துக்கேட்புக்கு மீண்டும் நாள் குறிக்குமுன் அவை வரட்டும்.