ஊர் திரும்புவோர் நடத்தும் சங்கங்கள்

துபாயின் கராமாவில் இரண்டு தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். ஆயினும் அவர்களுள் அங்கேயே நிலைத்துவிடுவோர் மிகச் சிலர். வேலை உள்ளவரை விசா, விசா உள்ளவரை வீடு என்பதே வளைகுடா வாழ்வின் நியதி. முப்பது ஆண்டு ஒரே தெருவில் குடியிருந்தவரும் ஒருநாள் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். அவர் இருந்த வீட்டில் அடுத்த மாதமே புதியவர் குடியேறுகிறார். இத்தகைய இடத்திலும் தமிழர் சங்கம் கண்டனர், மன்றம் அமைத்தனர், பேரவை நிறுவினர். தலைவரும் செயலரும் பொருளாளரும் பணிநேரம் போக எஞ்சிய மாலைகளையும் விடுமுறை நாள்களையும் ஈந்து அவற்றை நடத்தி வருகின்றனர். அவற்றின் ஆட்சிமுறை பற்றி, குறிப்பாகப் பிறர் பணத்தை அவை கையாளும் முறை பற்றி, மனம் திறந்து பேச வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கருதுகிறோம்.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் மட்டுமே சங்கத்தின் பணி என்று எண்ணுவோர் அமீரகத்தை அறியாதோர். தொழிலாளர் முகாமில் ஒருவர் இறந்துபட்டால் மருத்துவமனை, காவல் நிலையம், இந்தியத் துணைத் தூதரகம், உடலைப் பதப்படுத்தும் நிலையம், விமான நிறுவனம் என ஒவ்வொரு வாயிலிலும் தாள்களுடன் நிற்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு சங்கத்தின் தொண்டரே. இறந்தவர் உடலைத் தராசில் நிறுத்து, எடைக்கேற்பக் கட்டணம் பெறும் கொடிய வழக்கம் அண்மைக் காலம்வரை நீடித்தது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் ஏர் இந்தியா அதைக் கைவிட்டு, அமீரகத்திலிருந்து அனுப்பப்படும் பெரியவர் உடலுக்கு 1,500 திர்ஹம் என ஒரே கட்டணம் வகுத்தது. அம்மாற்றத்தின் பின்னே சமூகத் தொண்டர்கள் இடைவிடாது விடுத்த வேண்டுகோள் இருந்தது. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம், ஊர் திரும்புவோருக்கான வந்தே பாரத் விமானங்கள் புறப்பட்டபோது கருவுற்ற பெண்கள், நோயாளர், வேலையிழந்தோர் ஆகியோரின் பெயர்களைத் திரட்டித் தந்தவர்களும், பின்னர் தனி விமானங்களை வாடகைக்கு அமர்த்திப் பலரை ஊர் சேர்த்தவர்களும் சங்கத்தாரே. இத்தொண்டின் மேன்மையை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். போற்றுவதாலேயே மேற்கொண்டு எழுதுகிறோம்.

இவ்வளவு தொண்டுக்கும் பணம் வேண்டும். அப்பணம் எங்கே இருக்கிறது? உரிமம் பெற்ற சங்கமாயின் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. உரிமம் பெறாத சிறு குழு தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க இயலாது. ஆகவே சந்தாவும் விழா நன்கொடையும் மலருக்கு வந்த விளம்பரத் தொகையும் பொருளாளரின் சம்பளக் கணக்கிலேயே வந்து சேர்கின்றன. அவர் நேர்மையாளர், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய நேர்மை அப்பணத்தைக் காக்கப் போதாது. அவர் வேலையிழந்தார் என்று கொள்வோம். அவர் பெயரில் வாகனக் கடனோ சொந்தக் கடனோ இருப்பின், பணிநிறைவுத் தொகை வந்து சேர்ந்ததும் வங்கி அக்கணக்கை முடக்கக்கூடும். சங்கப் பணமும் உடன் முடங்கும். அவர் காலமானாரெனில் நீதிமன்றத்தின் வாரிசு ஆணை வரும்வரை அக்கணக்கில் எவரும் கைவைக்க இயலாது. ஆணை வந்தபின்னோ, கணக்கில் உள்ளதெல்லாம் அவர் குடும்பத்துக்குரிய உடைமையாகவே கொள்ளப்படும். கணவனை இழந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் சென்று, இதில் இவ்வளவு எங்கள் விழாப் பணம் என்று கேட்க எந்தச் செயற்குழுவுக்கு மனம் வரும்? கேட்டாலும், எழுத்தில் ஒன்றும் இல்லாத நிலையில் அப்பெண் எதை நம்பித் தருவார்?

சட்டத்தின் நிலை இதனினும் கடியது. அமீரகத்தில் நன்கொடை திரட்டும் உரிமை அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்கே உண்டு. துபாயின் 2015-ஆம் ஆண்டு 9-ஆம் எண் ஆணையும், 2021-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டமும் இதனை ஐயத்துக்கு இடமின்றி வகுத்துள்ளன. தனியாள் ஒருவர் தாமாகப் பணம் திரட்டுதல் தண்டத்துக்குரிய குற்றம். வாட்ஸ்அப் குழுவில் விடுக்கும் வேண்டுகோளும் இதற்கு விலக்கன்று. இணையவழியில் ஒப்புதலின்றி நன்கொடை கோருவதை இணையக் குற்றங்கள் பற்றிய சட்டம் தனியே குறிப்பிடுகிறது. ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்துக்காக வீடு வீடாகச் சென்று பணம் திரட்டுவது அறச்செயல். இங்கே அதே செயல், அறியாமையால் செய்யப்பட்டாலும், ஒருவருடைய வேலையையும் விசாவையும் ஒருங்கே பறித்துவிடக்கூடும். உரிய வழிகள் இல்லாமல் இல்லை. ஒப்புதல் பெற்ற அறநிறுவனத்தின் வாயிலாக உதவி பெறலாம். இந்திய அரசு 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து துணைத் தூதரகம் உதவ வேண்டுமெனக் கோரலாம். சங்கமாகவே இயங்க விரும்புவோர் துபாயின் 2017-ஆம் ஆண்டு 12-ஆம் எண் சட்டப்படி சமூக மேம்பாட்டு ஆணையத்தில் உரிமம் வேண்டலாம். அதற்குக் காலம் பிடிக்கும். தாள்கள் பல வேண்டும். சில குழுக்களுக்கு அது கிட்டாமலும் போகலாம். கிட்டாத குழு தன்னைச் சங்கம் என்று அழைத்துக்கொண்டு பொதுமக்களிடம் பணம் பெறுவதைக் காட்டிலும், உரிமம் பெற்ற அமைப்பொன்றின் கீழ்ப் பிரிவாக இயங்குவதே நேர்வழி. மஸ்கட்டில் இந்தியச் சமூக மன்றத்தின் கீழ் மொழிவாரிப் பிரிவுகள் இயங்குவதை நாம் அறிவோம். அம்முறையால் அங்குள்ள மொழியினர் எவருடைய பெருமையும் குன்றிவிடவில்லை.

உரிமம் பெற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சிங்கப்பூரின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம். 1969-இல் தோன்றி, ஏழை நோயாளர்க்குக் குருதித் தூய்மைச் சிகிச்சை அளித்து, நாடெங்கும் நற்பெயர் பெற்றிருந்தது. அதனைப் பெரிதாக வளர்த்தவர் அதன் தலைமைச் செயல் அலுவலர் டி.டி. துரை, அவருடைய ஆற்றலை அன்று ஐயுற்றார் அரியர். அவர் விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்கிறார் என்று சொன்ன இருவர்மீது 1990-களின் இறுதியில் அவதூறு வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் செலுத்த நேர்ந்தது. 2004-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ், அவருடைய அலுவலகக் குளியலறைக்குப் பொன்முலாம் பூசிய குழாய் கேட்கப்பட்ட செய்தியை வெளியிட்டது. மீண்டும் வழக்கு. 2005 ஜூலையில் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை தொடங்கியதும் மறைந்திருந்தவை வெளிவந்தன. அவர் முதல் வகுப்பில் பயணம் செய்தது உண்மை. மிகையூதியத்துடன் சேர்த்து அவர் பெற்றது ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. நிறுவனத்தின் கையிருப்போ 26 கோடி வெள்ளிக்கும் மேல். இரண்டே நாளில் வழக்குக் கைவிடப்பட்டது. அவரும் ஆட்சிக்குழு முழுவதும் பதவி விலகினர். மாதந்தோறும் தம் ஊதியத்திலிருந்து சிறு தொகை அனுப்பிவந்த எளியோர் ஆயிரக்கணக்கில் அதை நிறுத்திக்கொண்டனர். 2007-இல் துரைக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நம்மை மிகவும் வருத்துவது பொன்முலாம் பூசிய குழாய் அன்று. முதலில் உண்மையைச் சொன்ன இருவரும் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததே வருத்துகிறது. ஆட்சிக்குழுவில் இருந்தோர் கல்வியும் மதிப்பும் வாய்ந்தோர். அவர்கள் தம் அதிகாரத்தை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டனர். நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தது, நோயாளர் பயன் பெற்றனர், ஆகவே கேட்பது தேவையற்றதாகத் தோன்றியிருக்கும். வளரும்போதுதான் கேட்க வேண்டும். தளர்ந்தபின் கேட்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அந்நிகழ்வுக்குப் பின் சிங்கப்பூர் தன் அறநிறுவனங்களுக்கென ஆளுகை நெறிகள் வகுத்தது. அவற்றுள் ஒன்று, ஒருவரே தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் பொருளாளராக இருத்தல் கூடாது என்பது. தலைவருக்கும் முன்னே பொருளாளரைக் கருதி வகுத்த அந்நெறியை நம் சங்கங்கள் இன்றே தம் விதிகளில் எழுதிக்கொள்ளலாம்.

நம்மவரிடையே கணக்குக் கேட்பது அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து அரங்க வாடகைக்கு இரசீது உண்டா என்று வினவினால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்ற மறுவினா எழுகிறது, அவை அமைதியாகிறது, கேட்டவர் அமர்ந்துவிடுகிறார், அடுத்த ஆண்டு அவர் வருவதேயில்லை. அவர் கேட்டது பொருளாளரின் குணத்தைப் பற்றி அன்று. தாம் கொடுத்த 50 திர்ஹம் எங்கே சென்றது என்பதைப் பற்றி. அதற்கு விடை ஒரு தாள். அத்தாள் இருந்தால் பொருளாளரின் பெயருக்கும் அதுவே காவல். இல்லையேல் அவர் ஊர் சென்று பத்தாண்டு கழிந்தபின்னும் அவரைப் பற்றிய வதந்தி கராமாவில் உலவிக்கொண்டிருக்கும். எந்தத் தவறும் செய்யாத நல்லோர் சிலர் இவ்வாறு பழி சுமந்து திரும்பியுள்ளனர் என்பது நமக்குத் தெரியும்.

பதவிக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. ஏழு பேர் கூடிச் சங்கம் அமைக்க அது வழி செய்கிறது. செயற்குழுவினர் ஒரு தேர்வில் மூன்று ஆண்டுக்கு மேல் பதவி வகித்தல் கூடாது என்றும் வரையறுக்கிறது. இவ்வரையறையின் எடையைத் தென்னிந்திய நடிகர் சங்கம் கண்டது. 2019 ஜூன் 23 அன்று அதன் தேர்தல் நடந்தது. வாக்குப் பெட்டிகள் முத்திரையிடப்பட்டு நீதிமன்ற ஆணைக்காகக் காத்திருந்தன. பதவிக்காலம் முடிந்த குழு தேர்தல் நடத்த ஏற்பாடு செய்யலாமா என்பதே வழக்கின் ஒரு முகாமையான வினா. 2020 ஜனவரியில் தனி நீதிபதி அத்தேர்தல் செல்லாது என்றார். 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. அவ்வாண்டு மார்ச் 20 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டு! இவ்வழக்கில் எவர் பக்கம் நிற்பதும் நம் நோக்கமன்று. வழக்காட வல்லவர்களும் பெருஞ்செல்வமும் உள்ள சங்கமே ஒரு நாள்கணக்கால் இவ்வளவு காலம் முடங்கியதெனில், கராமாவில் உணவகத்தின் மாடி அரங்கில் கூடும் ஒரு சிறு மன்றம் அத்தகைய பிணக்கைத் தாங்குமா? இரண்டாகப் பிளந்து, ஒரே பெயரில் இரு சங்கங்களாய் நிற்கும்.

இங்கே நிறுவனத் தலைவர் என்றொரு பதவியைச் சிலர் வாழ்நாள் முழுதும் வகிக்கின்றனர். தொடங்கியவரின் உழைப்பு பெரிது; அவருக்குச் சிறப்புச் செய்க. ஆனால் ஆணையிடும் உரிமையைத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமே விடுக. அவ்வாறே, புரவலராக இருக்கும் வணிகரின் நிறுவனத்துக்கே மலர் அச்சிடும் பணியோ பயணச்சீட்டு வாங்கும் பணியோ செல்லுமாயின், அவர் அதைக் கூட்டத்தில் முன்கூட்டி அறிவித்துவிட்டு, அத்தீர்மானத்தின்போது வெளியே இருத்தல் வேண்டும். அதுவும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். விலை குறைவாகவே தந்தார் என்பது விடையாகாது.

வளைகுடாவில் இது இயலாத செயல் அன்று. பஹ்ரைனில் இந்தியன் கிளப் 1915-இலும் கேரளீய சமாஜம் 1947-இலும் தோன்றின. அபுதாபியின் இந்தியச் சமூக, பண்பாட்டு மையம் 1967-இலும் ஷார்ஜா இந்தியச் சங்கம் 1979-இலும் தொடங்கின. ஷார்ஜா சங்கம் ஆயிரக்கணக்கான மாணவர் பயிலும் பள்ளியையே நடத்துகிறது. இவற்றிலும் பூசல் உண்டு, அணி உண்டு, தேர்தல் நாளில் கடும் போட்டி உண்டு. எனினும் நிறுவியவர்கள் மறைந்தும், ஊர் திரும்பியும், தலைமுறைகள் மாறியும் அவை நிற்கின்றன. விதிநூலும் வாக்குச்சீட்டும் தணிக்கையும் ஆள்விட்டு ஆள் மாறிக் கைக்குக் கை வந்ததால் நிற்கின்றன. மலையாளிகள் இத்துறையில் நம்மை முந்திவிட்டனர் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு அவர்களிடம் கற்போம்.

வரும் பொங்கலுக்கு முன் ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை அரியவை அல்ல. சென்ற ஆண்டின் வரவு செலவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, புதிய பணம் கேட்கும் முன் உறுப்பினர் அனைவருக்கும் அனுப்புக. செலவுக்கு இருவர் கையொப்பம் என்று விதி செய்க. அவ்விருவர் ஒரே குடும்பத்தினராகவோ ஒரே நிறுவனத்தில் மேலாளரும் ஊழியருமாகவோ இருத்தல் வேண்டா. விலகிச் செல்லும் பொருளாளரிடம் கணக்கையும் இரசீதுகளையும் பெற்றுக்கொண்டு, இவரிடம் சங்கத்துக்கு வரவேண்டியது ஒன்றுமில்லை என்று செயற்குழு கையொப்பமிட்ட கடிதம் கொடுத்து அனுப்புக. அவருக்கு அணிவிக்கும் பொன்னாடையினும் அக்கடிதம் மதிப்புடையது.

இன்னொன்று. சங்கத்தின் பெயரால் எவருக்காகப் பணம் திரட்டப்படுகிறதோ அந்தத் தொழிலாளர்கள் அதன் பொதுக்குழுவில் இல்லை. சோனாப்பூரிலும் அல் கூஸிலும் ஜெபல் அலியிலும் உள்ள முகாம்களில் வாழும் அவர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு ஒரு நாளே ஓய்வு. பொதுக்குழுவோ வேலைநாளின் இரவில், கராமாவில் கூடுகிறது. மகிழுந்து உள்ளவர் வருகின்றனர். பொதுக்குழுவை ஞாயிறு பிற்பகலில் கூட்டுக. சந்தாவைத் தொழிலாளரால் கொடுக்க இயலும் அளவில் வைத்து அவர்களுக்கு வாக்குரிமை தருக. செயற்குழுவில் அவர்களுள் இருவருக்கேனும் இடம் ஒதுக்குக. விழாவுக்கு அரங்கம் நிரம்ப வேண்டுமென்று முகாம்களுக்குப் பேருந்து அனுப்பும் சங்கங்கள், கணக்கு வாசிக்கும் நாளிலும் அப்பேருந்தை அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.