காயம் பட்டவருக்கும் பட்டியலில் இடம் வேண்டும்

எங்கள் தோட்டத்துத் திடலில் ஹாக்கி ஆடும் மாணவன் ஒருவன் நொண்டிக்கொண்டே வகுப்புக்கு வந்தான். "ஒன்னும் இல்ல சார், லேசான பிடிப்புதான்" என்றான். வலியைச் சொன்னால் குழுவிலிருந்து பெயர் போய்விடும் என்று அவனுக்குப் பயம். மாணவர்களே, பணம் புரளும் தொழில்முறை ஹாக்கியிலும் இந்தச் சிக்கல் உண்டு.

2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. அதில் ஒவ்வோர் ஆண்கள் குழுவும் 4 கோடி ரூபாய்க்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா ஹாக்கி கிளப் 78 லட்சத்துக்கு எடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 322 லட்சத்தை 23 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சராசரி 14 லட்சம்தான். அந்த ஒருவருக்கு அடிபட்டால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பணம் திடலுக்கு வெளியே உட்கார்ந்துவிடும்.

அடிபடுவது அரிதா? ஒருவர் ஒரு பருவத்தில் காயமடையும் வாய்ப்பு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 24 பேரும் தப்பிக்கும் வாய்ப்பைக் காண 0.9-ஐ 24 முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.08. அதாவது, ஒருவராவது காயமடையும் வாய்ப்பு 92 விழுக்காடு! ஆகவே, காயத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பதுதான் அறிவு.

வட அமெரிக்காவின் தேசிய ஐஸ் ஹாக்கி லீக்கில் 2005 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. ஒருவர் காயத்தால் குறைந்தது 10 ஆட்டங்களும் 24 நாள்களும் ஆட முடியாவிட்டால், மாற்று ஆளை எடுக்க அக்குழு வரம்பைத் தாண்டலாம். இதில் ஓர் ஓட்டையும் இருந்தது. இறுதிச் சுற்றுகளுக்கு வரம்பே இல்லை. இடுப்பு அறுவை சிகிச்சையால் 2021 பருவத்தின் 56 ஆட்டங்களையும் தவறவிட்ட நிகிதா குச்செரோவ் இறுதிச் சுற்றுகளில் திரும்பினார். வரம்பைத் தாண்டிய சம்பளப் பட்டியலோடு ஆடிய அவருடைய தம்பா பே குழு கிண்ணத்தையும் வென்றது. பலரும் முணுமுணுத்தார்கள். 2025-26 பருவம் முதல் இறுதிச் சுற்றுகளுக்கும் வரம்பு வந்தது. ஓட்டையை அடைத்தார்களே தவிர, காயம் பட்டவருக்கான சலுகையை அடியோடு நீக்கவில்லை. அதுவே நியாயம் என்பேன்.

உடலுக்கு விதி தெரியாது. தசைநார் கிழிந்தால் முதலில் வீக்கம். வெள்ளை அணுக்கள் சிதைந்த திசுவை அகற்றும். அதன் பிறகே புதிய நார் வளரும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டு ஓடினால், ஆறாத இடமே மறுபடியும் கிழியும்.

ஆகவே, பள்ளிக் குழுக்களுக்கு என் யோசனை இதுதான்: காயம் பட்டவரின் பெயரை அடிக்காதீர்கள். குணமாகும்வரை மாற்று ஆள் ஆடட்டும். குணமானதும் அவர் இடம் அவருக்கே. அந்த உறுதி இருந்தால் யாரும் வலியை மறைக்க மாட்டார்கள்.

நம் மாநிலத்துத் தம்பினில் பிறந்த கோல் காவலர் எஸ். குமார் நாட்டுக்காக 300க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியவர். அப்படி நெடுங்காலம் ஆட ஆசையா? வலித்தால் இன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.